பொன்செல்வியின் வலது தோள்

பள்ளிக்கூடத்தில் கரும்பலகையின் மேல்வரியை அழிக்கக் கையைத் தூக்கியபோதுதான் பொன்செல்விக்கு முதன்முதலாக அந்த வலி வந்தது. வலது தோளின் உச்சியில், உள்ளே எங்கோ, ஊசியால் குத்தி எடுத்த மாதிரி இருந்தது. கையை இறக்கியதும் போய்விட்டது. "என்னம்மா, மேல எட்டலையா?" என்று டீச்சர் கேட்க, வகுப்பே சிரித்தது. பத்தாம் வகுப்பில் எல்லாரையும்விட உயரம் அவள்தான். இடது கையால் அழித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். தொண்ணூற்றி நான்காம் ஆண்டு ஆடி மாதம் அது. ஆற்றில் தண்ணீர் கலங்கி வந்துகொண்டிருந்தது.

வலியைப் பற்றி வீட்டில் அவள் மூச்சுவிடவில்லை. சொல்லாததற்குக் காரணம் இருந்தது.

பேட்டையில், தொழிற்பேட்டையை ஒட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் அவர்கள் குடியிருந்தார்கள். அப்பா பலவேசத்துக்குத் தகரப் பட்டறையில் வேலை. தகடு வெட்டுவது, மடக்குவது, ஓட்டை போடுவது. அம்மா பேச்சித்தாய் வீட்டிலிருந்தபடி பீடி சுற்றினாள். பொன்செல்வி ஒரே பிள்ளை. பலவேசத்துக்குச் சொந்த ஊர் ஆழ்வார்திருநகரிப் பக்கம். கோடை விடுமுறைக்குச் சித்தப்பா வீட்டுக்குப் போனால் அவள் ஆற்றைவிட்டு ஏறமாட்டாள். அக்கரைக்குப் போய், அங்கே மணலில் கால் பட்டதும் திரும்பி வருவாள். யாரும் சொல்லித் தரவில்லை. தண்ணீரில் கிடப்பது அவளுக்கு நடப்பதைப் போல வந்துவிட்டது.

குறுக்குத்துறை ஆற்றில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடந்த ஒரு நீச்சல் போட்டியில், பாவாடையை இழுத்துச் சொருகிக்கொண்டு பையன்களோடு சேர்ந்து குதித்தாள். முதலில் கரையேறியது அவள்தான். அன்றைக்குப் படித்துறையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் வன்னியராஜ். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து, பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மன்றத்தின் நீச்சல்குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். முரட்டு மீசை, கழுத்தில் தொங்கும் விசில். அவர் விசாரித்துக்கொண்டு பட்டறைக்கே வந்துவிட்டார்.

"வே பலவேசம், இந்தப் பிள்ளைய எங்கிட்ட விடும். தண்ணியில கெடக்க ஒடம்பு வே இது. நல்லா பழகுனா ரயில்வேயிலயே வேல குடுப்பான். பொறவு ஒமக்கு என்ன கவலை?"

ரயில்வே என்ற அந்தச் சொல் பலவேசத்தின் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. விளையாட்டில் சிறந்தவர்களுக்கு ரயில்வேயில் தனியாக வேலை ஒதுக்குவார்கள் என்பதே அதுவரை அவருக்குத் தெரியாது. அதன்பிறகு ஜங்ஷன் பக்கம் போனால், டிக்கெட் கொடுக்கும் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கிற பெண்களை நின்று பார்த்துவிட்டு வருவார். பேச்சித்தாயிடம் சொல்வார்: "மேல காத்தாடி சுத்துது. பிள்ளைய அங்கன உக்காத்தி வச்சுப் பாக்கணும்."

விடியற்காலை முதல் பஸ்ஸில் பொன்செல்வி பாளையங்கோட்டைக்குப் போனாள். குளத்திலிருந்து நேராகப் பள்ளிக்கூடம். சாயங்காலம் மறுபடியும் குளம். குளோரின் பட்டுத் தலைமுடி செம்பட்டையாகி, நுனி உடைந்தது. தோள் அகன்றது. ரவிக்கை தைக்கக் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் அளவு மாறியது. அம்மா புலம்பினாலும் அப்பா சிரித்தார்.

குளத்தில் அவளுக்குக் கிடைத்த கூட்டாளி அனுராதா. பெருமாள்புரத்துப் பெண். அவளுடைய அப்பா குமரகுருபரன் கல்லூரிப் பேராசிரியர். ஒரு காலத்தில் நிலபுலன் இருந்த சைவக் குடும்பம். இப்போது புத்தகமும் சம்பளமுமாக இருக்கிற குடும்பம். மகளை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டு, அவள் நீந்தி முடிக்கும்வரை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். பட்டர்ஃப்ளை நீச்சலில், அதாவது இரண்டு கையையும் ஒன்றாக வீசிப் பாய்கிற நீச்சலில், மன்றத்திலேயே அனுராதாதான் முதல். பொன்செல்வி ஒரு கை நீளம் பின்னால் வருவாள். அந்த ஒரு கை நீளத்தைப் பிடிக்க அவள் என்ன செய்தும் முடியவில்லை. இரண்டு பேருக்கும் அதில் பகை கிடையாது. அனுராதா கொண்டுவருகிற இட்லியில் பாதி பொன்செல்விக்குத்தான்.

வன்னியராஜுக்குத் தெரிந்த பயிற்சி ஒன்றே ஒன்றுதான்: இன்னும் தூரம், இன்னும் பலம். அந்த ஆண்டு சித்திரையில் அவர் ஒரு தாளில் படம் வரைந்து பலவேசத்திடம் கொடுத்தார். உள்ளங்கையைவிடப் பெரிதாக, கையில் மாட்டிக்கொள்கிற மாதிரி ஒரு தட்டு. அதை மாட்டிக்கொண்டு நீந்தினால் ஒவ்வொரு வீச்சிலும் கூடுதலாகத் தண்ணீரை இழுக்க வேண்டியிருக்கும், கையில் பலம் ஏறும் என்றார். பலவேசம் அலுமினியத் தகட்டில் அதை வெட்டினார். விளிம்பு பிள்ளையின் கையைக் கிழித்துவிடக் கூடாதென்று மடக்கி, அரம் போட்டு ராவினார். ஓட்டை போட்டு, விரலுக்கும் மணிக்கட்டுக்கும் சைக்கிள் டியூப்பை வெட்டிக் கோத்தார். தன் மகளுக்கு ஒரு ஜோடி, அனுராதாவுக்கு ஒரு ஜோடி. செய்தித்தாளில் சுற்றி, சட்டை மாற்றிக்கொண்டு, குளத்துக்கு அவரே எடுத்துக்கொண்டு போனார்.

வன்னியராஜ் அதைத் தூக்கிப் பிடித்து எல்லாப் பிள்ளைகளையும் கூப்பிட்டார். "ஏலே, எல்லாரும் இங்கன வாங்கலே! கடையில வாங்குனாக்கூட இம்புட்டு நேர்த்தி இருக்குமாலே? நம்ம பேட்டையில செஞ்சது!"

பலவேசம் வெட்கப்பட்டுக்கொண்டு சுவரோரம் நின்றார். மகள் அந்தத் தட்டை மாட்டிக்கொண்டு நீந்துவதைப் பார்த்துவிட்டுத்தான் பட்டறைக்குக் கிளம்பினார்.

கரும்பலகை வலி வந்தது அதற்குப் பின்னால், சில மாதங்களில். முதலில் கையைத் தூக்கும்போது மட்டும் வந்தது. பிறகு தண்ணீரில் கை நுழையும்போதெல்லாம் வந்தது. பிறகு வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாமல் ஆனது. ஒருநாள் பொன்செல்வி துணிந்து பயிற்சியாளரிடம் சொன்னாள்.

"சார், தோளு வலிக்கி."

"வலிக்காம நீச்சல் உண்டா பிள்ளே? தோளு வளருது, அதான் வலிக்கி. பட்டாளத்துல எங்களுக்கெல்லாம் கை கழண்டு விழுந்த மாதிரி இருக்கும். பைய சரியாயிரும். போ, போயி எறங்கு."

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவருடைய தோள் எப்படியோ தாங்கியிருந்தது.

உடை மாற்றும் அறையில் அனுராதாதான் அதைப் பார்த்தாள். பொன்செல்வி குனிந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து கத்தினாள்: "ஏட்டி, ஒன் முதுகுல பாரு! ஒரு பக்கம் எலும்பு செறகு மாதிரி தூக்கிக்கிட்டு நிக்கி!"

இருவரும் கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். இடப்பக்கத் தோள்பட்டை எலும்பு முதுகோடு படிந்து கிடந்தது. வலப்பக்கத்தது கீழ் விளிம்பில் முதுகைவிட்டு எழும்பி நின்றது, அடியில் விரலை நுழைக்கலாம் போல. தோளும் முன்னால் வந்து வளைந்திருந்தது. பொன்செல்வி சொன்னாள்: "ஒன்னதும்தான்ட்டி லேசா தூக்கியிருக்கு." பார்த்தால் உண்மைதான். "ரெண்டு பேரும் பறந்து போயிருவோம்" என்று அனுராதா சொல்ல, இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அனுராதாவுக்கும் அந்த வலி இருந்தது என்பது அன்றைக்குத்தான் பொன்செல்விக்குத் தெரிந்தது.

அனுராதா அதை வீட்டில் சொல்லிவிட்டாள். குமரகுருபரன் மறுநாளே இரண்டு பேரையும் ஆட்டோவில் ஏற்றி, பாளையங்கோட்டையிலேயே ஒரு பிசியோதெரபி அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே இருந்தவர் யூனிஸ் என்ற பெண். முப்பது வயதிருக்கும். வேலூரில் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருந்தார். இரண்டு பெண்களையும் சுவரைப் பார்த்து நிற்கவைத்து, கைகளை மெதுவாக மேலே தூக்கச் சொன்னார். பின்னாலிருந்து பார்த்தார். மறுபடியும் தூக்கச் சொன்னார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேராசிரியரிடம் சொன்னார்.

"கை மட்டும் மேல போகுதுன்னு நாம நெனைக்கோம் சார். அப்படி இல்ல. முதுகுல இருக்க இந்தப் பலகை எலும்பும் கூடவே சுழண்டு, மேல போயி, கைக்கு எடம் விடணும். இவங்களுக்கு நெஞ்சுப் பக்கத் தசை முறுக்கேறிப் போச்சு, முதுகுப் பக்கம் அசந்து போச்சு. பலகை முன்னால சரிஞ்சு நிக்கி. எடம் இல்லாம உள்ள இருக்க தசைநார் நசுங்குது. கதவிடுக்குல தெனமும் வெரல விட்டா என்ன ஆகும்? அதான் நடக்கு."

"சரியாயிருமா?"

"சின்னப் பிள்ளைங்க. கட்டாயம் சரியாகும். ஆனா மூணு மாசம் தண்ணிப் பக்கமே போகக் கூடாது. நான் சொல்லித் தர்ற பயிற்சிய தெனமும் செய்யணும். பொறவு பைய ஆரம்பிக்கலாம்." பொன்செல்வியின் தோளை மட்டும் இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தார். "ஒனக்குத்தான் கூடுதலா இருக்கு. நீ அப்பாவையும் கூட்டிட்டு வாம்மா. நான் பேசுதேன்."

பொன்செல்வி தலையாட்டினாள். வீட்டில் போய் அம்மாவிடம் மட்டும், "தைலம் தேய்க்கச் சொன்னாவ" என்றாள்.

ஏனென்றால் மார்கழி முடிந்ததும் மெட்ராஸில் மாநிலப் போட்டி இருந்தது. ரயில்வேக்காரர்கள் ஆள் பார்க்க வருவதும் அங்கேதான். ஒரு மன்றத்திலிருந்து ஒரு பந்தயத்துக்கு ஒரு பெண்ணைத்தான் அனுப்ப முடியும். பட்டர்ஃப்ளைக்கு அனுராதா போவதாக முடிவாகியிருந்தது; அவள் ஓய்வெடுத்தால் அடுத்தவள் பொன்செல்விதான். குமரகுருபரன் வந்து, மகள் மூன்று மாதம் வரமாட்டாள் என்று சொல்லிவிட்டுப் போன அன்று சாயங்காலமே, வன்னியராஜ் பேட்டைக்கு சைக்கிளை மிதித்து வந்தார். லைன் வீட்டு வாசலில் நின்றுகொண்டே சொன்னார்.

"ஒம்ம மகதான் வே மெட்ராசுக்குப் போறா!"

பேச்சித்தாய் பீடித் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.  பலவேசம் உள்ளே போய் மகளின் தலையில் கையை வைத்துவிட்டு வெளியே வந்தார். அடுத்த வீட்டிலும் அதற்கடுத்த வீட்டிலும் போய்ச் சொன்னார். பொன்செல்வி அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த நேரத்தில் வாயைத் திறந்திருந்தால் எல்லாம் வேறு மாதிரி போயிருக்கும். அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல அவளால் முடியவில்லை.

இதைக் கேள்விப்பட்ட அனுராதா கோபமாகவே பேசினாள். "நீ ஒங்கப்பாகிட்ட சொல்லு. இல்லன்னா நான் வந்து சொல்லுதேன்."

"நீ வராத."

"கை போயிரும்ட்டி. அந்த மேடம் என்ன சொன்னாவன்னு நீயும் கேட்டல்லா?"

"ஒங்க வீட்டுல யாருக்கும் ரயில்வே வேல வேண்டாம்ட்டி" என்றாள் பொன்செல்வி. அதைக் கேட்டு அனுராதாவின் முகம் சுண்டிப்போனது. அவள் வந்து சொல்லவில்லை.

யூனிஸ் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளைப் பொன்செல்வி வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு செய்தாள். சுவரில் கையை ஊன்றித் தள்ளுவது. குப்புறப் படுத்துக் கைகளைத் தூக்குவது. இரண்டு தோள்பட்டை எலும்புகளையும் பின்னால் சேர்த்து இறுக்குவது. அதைச் செய்யும்போது கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். பிறகு குளத்துக்குப் போய், தகட்டை மாட்டிக்கொண்டு இறங்கினால், சரிசெய்ததையெல்லாம் தண்ணீர் பிடுங்கிக்கொள்ளும். கொஞ்ச நாளில் பயிற்சி செய்வதை நிறுத்திவிட்டாள்.

கடைசியில் வன்னியராஜிடம் உண்மையைச் சொன்னாள். மூன்று மாதம் தண்ணீரில் இறங்கக் கூடாதென்று அந்த மேடம் சொன்னதை அப்படியே சொன்னாள். அவர் விசிலைக் கையில் உருட்டினார். குளத்தில் சின்னப் பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"போட்டி வரைக்கும் தாங்கு பிள்ளே" என்றார். "பொறவு ஒரு வருசம் வேணும்னாலும் படுத்துக் கெட. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். இந்த வாய்ப்பு போச்சுன்னா, அடுத்த வருசம் எவ வருவாளோ, யாருக்குத் தெரியும்?"

அவர் அதைக் கெஞ்சுகிற மாதிரி சொன்னார். அவர் பழக்கிய பிள்ளைகளில் ஒருவர்கூட அதுவரை மெட்ராஸ் போட்டிக்குப் போனதில்லை.

மெட்ராசுக்குப் பலவேசமும் வந்தார். அவர் அந்த ஊரைப் பார்த்ததில்லை. ரயிலில் இருந்தவர்களிடமெல்லாம், "மக நீச்சலுக்குப் போறா" என்று சொல்லிக்கொண்டு வந்தார். போட்டிக்கு முந்தின நாள், வன்னியராஜ் பலவேசத்திடம் சொல்லாமல் தெரிந்த ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய் அவள் தோளில் ஊசி போடவைத்தார். அன்று சாயங்காலம் வலி இல்லை. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் வலப்பக்கம் படுத்துத் தூங்கினாள். எல்லாம் சரியாகிவிட்டது என்றுகூட நினைத்தாள்.

காலையில் நடந்த தகுதிச் சுற்றில் அவள் இரண்டாவதாக வந்தாள். கை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அது பாட்டுக்கு வீசியது. கரையில் கோட்டுப் போட்ட இருவர் தாளில் குறித்துக்கொண்டார்கள். வன்னியராஜ் அவர்களைக் காட்டி, "ரயில்வேக்காரங்க வே, ரயில்வேக்காரங்க" என்று பலவேசத்தின் காதில் சொன்னார்.

மத்தியானம் இறுதிப் போட்டி. முதல் பாதியில் அவள் எல்லாருக்கும் முன்னால் இருந்தாள். ஆழ்வார்திருநகரி ஆற்றில் கிடந்த நாளிலிருந்து அன்றுவரை அவள் அப்படி நீந்தியதில்லை என்று பலவேசம் பின்னாளில் சொல்வார். மூன்றாம் முறை சுவரைத் தொட்டுத் திரும்பியபோது தோளுக்குள் ஏதோ ஒன்று துணி கிழிவதுபோல் விட்டுக்கொடுத்தது. இடது கை தண்ணீரைவிட்டு வெளியே வந்தது. வலது கை வரவில்லை. மறுபடி வீசினாள். இடது கை மட்டும்தான் வந்தது. உடம்பு ஒரு பக்கமாகச் சாய, வாயில் தண்ணீர் போனது. அவள் இடது கையால் மிதவைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். மற்ற பெண்கள் இரண்டு பக்கமும் அவளைக் கடந்து போனார்கள்.

வன்னியராஜ் பேன்ட் சட்டையோடு குதித்தார். கரையில் தூக்கிப் போட்டபோது பலவேசம் ஓடிவந்து, "என்னளா ஆச்சு? என்னளா ஆச்சு?" என்று கேட்டபடியே அவளுடைய வலது கையைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார். அவள் போட்ட சத்தத்தில் கையை விட்டுவிட்டார். கோட்டுப் போட்டவர்கள் அடுத்த பந்தயத்துக்குத் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில், உள்ளே தசைநார் அறுந்துவிட்டது என்றார்கள். ஆபரேஷன் செய்யலாம், செய்தாலும் பழைய கை வராது என்றார்கள். அந்தச் செலவு பலவேசத்தால் ஆகிற காரியமும் இல்லை. ஊருக்குத் திரும்பி, கையைத் துணித்தூளியில் தொங்கவிட்டபடி பொன்செல்வி அப்பாவோடு யூனிஸிடம் போனாள். யூனிஸ் திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. பார்த்துவிட்டு, "அன்னைக்கே சொன்னேனம்மா" என்று மட்டும் மெல்லச் சொன்னார்.

பலவேசம் திரும்பி மகளைப் பார்த்தார். "என்னைக்கு?"

எல்லாம் அங்கேதான் அவருக்குத் தெரிந்தது. மூன்று மாத ஓய்வு, அனுராதா வராமல் போனதன் காரணம், அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னது, எல்லாம். யூனிஸ் பயிற்சியைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்து, "கையில ஏதாவது தட்டு மாட்டி நீந்துனியா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா" என்றார் பலவேசம். "நாந்தான் செஞ்சு குடுத்தேன்."

யூனிஸ் அவசரமாகச் சொன்னார்: "அதனால மட்டும் இல்ல அண்ணாச்சி. ஓய்வே இல்லாம நீந்துனது, எலும்பு நிக்கிற நெலம, எல்லாம் சேர்ந்துதான்..."

அவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அகலமாக இருந்தால் நன்றாக இழுக்கும் என்று, படத்தில் இருந்ததைவிட ஒரு விரல்கடை கூட்டி வெட்டியது அவருக்குத்தான் தெரியும். வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் ஒரே ஒரு தடவை கேட்டார்: "எங்கிட்ட ஏம்ளா சொல்லல?" அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுநாள் அவர் அந்தத் தகடுகளைப் பட்டறைக்குக் கொண்டுபோய், கத்தரியில் வைத்துத் துண்டு துண்டாக நறுக்கிக் கழிவுத் தகரத்தோடு போட்டுவிட்டார். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. அதற்குப்பின் வீட்டில் எதைப் பற்றியுமே அதிகம் பேசவில்லை. வேலை விட்டு வந்ததும் மகளின் முன்னால் உட்கார்ந்து, யூனிஸ் காட்டியபடி அவள் கையைத் தாங்கிப் பிடித்துப் பையப் பையத் தூக்குவார். தோள் உயரம்வரை வரும். அதற்குமேல் அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து இறக்கிவிடுவார்.

வன்னியராஜ் ஒருமுறை வந்தார். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். "ரயில்வேயில சொல்லி வச்சிருக்கேன் வே" என்றார். அது நடக்காது என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பலவேசம் அவரோடு சண்டை போடுவார் என்று பேச்சித்தாய் பயந்தாள். பலவேசம் எழுந்து நின்று கும்பிட்டு அனுப்பினார். அதன்பின் பொன்செல்வி அவரை ஒரே ஒரு முறைதான் பார்த்தாள், ஜங்ஷன் பஸ் நிறுத்தத்தில். ஈரத்தலையோடு நாலைந்து சின்னப் பெண்கள் அவரைச் சுற்றி நின்றார்கள். அவர் அவளைப் பார்த்தார். பிறகு பஸ் வருகிறதா என்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அனுராதாவுக்கு மூன்று மாதத்தில் வலி போய்விட்டது. மறுபடியும் குளத்துக்கு வந்து கொஞ்ச நாள் நீந்தினாள். பன்னிரண்டாம் வகுப்புப் படிப்பு நெருக்கியதும் நீச்சலை விட்டுவிட்டாள். அவளுக்கு அது பெரிய இழப்பாகத் தெரியவில்லை. கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் சேரப் போகும்முன் சொல்லிக்கொண்டு போக வந்திருந்தாள். பேசிக்கொண்டிருந்தபோது, "எனக்கு இப்ப வலியே கெடையாதுட்டி, பாரு" என்று இரண்டு கைகளையும் காதோடு உரச மேலே தூக்கிக் காட்டினாள். காட்டிய பிறகுதான் யாரிடம் காட்டுகிறோம் என்று உறைத்தது. கைகளை மெல்ல இறக்கி, மடியில் வைத்துக்கொண்டாள். போகும்வரை அவற்றை அசைக்கவே இல்லை.

தொண்ணூற்றி ஏழில் பெண் போலீசுக்கு ஆள் எடுத்தார்கள். பொன்செல்விக்கு அப்போது வயது பதினெட்டு. உயரம் இருந்தது, நெஞ்சுரம் இருந்தது. அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். ஓட்டத்தில் முதல் கூட்டத்தில் வந்தாள். நீளம் தாண்டுவதில் தேறினாள். மைதானத்தில் நின்ற பெண் அதிகாரி, "வீட்டுல விளையாட்டுப் பிள்ளையா வளர்த்திருக்காங்க" என்று பாராட்டினார். கடைசியில் இரும்புக் குண்டு எறிய வேண்டும். அவள் இடது கையில் எடுத்து எறிந்தாள். கோட்டைத் தொடவில்லை. இரண்டாம் முறையும் தொடவில்லை.

"இடது கைக்காரியா நீ? சோத்துக் கையால எறியேம்மா" என்றார் அதிகாரி, நல்லெண்ணத்தோடுதான்.

அவள் குண்டை வலது கைக்கு மாற்றினாள். கழுத்தோடு சேர்த்துப் பிடித்தாள். ஒரு கணம், தகுதிச் சுற்றில் கை தானாக வீசியதுபோல் இப்போதும் வீசிவிடும் என்று நம்பினாள். தள்ளினாள். குண்டு அவளுடைய கால் விரலுக்கு முன்னால் விழுந்து மண்ணில் பதிந்தது. பின்னால் வரிசையில் நின்ற பெண்களில் யாரோ சிரித்தார்கள். அவள் வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு, அதிகாரிக்கு வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

அதன்பிறகு அவள் எந்த வேலைக்கும் போகவில்லை. அம்மாவோடு உட்கார்ந்து பீடி சுற்றினாள். அந்த வேலைக்குக் கையைத் தூக்க வேண்டியதில்லை. தட்டு மடியில் இருக்கும். இலை, தூள், நூல் எல்லாம் தட்டிலேயே இருக்கும். நாள் முழுவதும் தோளைக் குனித்துக்கொண்டு இருந்ததில், யூனிஸ் நிமிர்த்திவைத்த கொஞ்சமும் போய்விட்டது. மழைக்காலத்தில் தோளுக்குள் பல்வலி மாதிரி ஒன்று ஓயாமல் இருந்தது. அவள் ஆற்றுக்குப் போவதை விட்டு வெகுநாளாயிற்று. பேச்சித்தாய் துணி துவைக்கக் கூப்பிட்டாலும், "வரல" என்பாள்.

தொண்ணூற்றி ஒன்பது ஆவணியில், திசையன்விளையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை சைக்கிள் கடை வைத்திருந்தான். கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று பேச்சித்தாய் புருஷனிடமும் மகளிடமும் சொல்லிவைத்தாள். பொன்செல்வி காப்பித் தட்டை உடம்போடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தாள். மாப்பிள்ளையின் அம்மா அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பிள்ள நல்ல ஒசரம். நீச்சல்லயெல்லாம் பெரிய ஆளாம்லா? மெட்ராசுக்கெல்லாம் போயி நீந்துனாளாம்ல? எங்க தரகர் சொன்னாரு."

பேச்சித்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். நீச்சலைப் பற்றிப் பேச்செடுத்தால் மெட்ராஸ் வரும். மெட்ராஸ் வந்தால் கை வந்துவிடும்.

"அது வேற பிள்ள" என்றார் பலவேசம். "எங்க பிள்ளைக்கு நீச்சல் தெரியாது."

அடுப்படியில் நின்றுகொண்டிருந்த பொன்செல்வி அதைக் கேட்டாள். அப்பா பொய் சொல்லி அவள் கேட்டதில்லை. அவர் அதைத் தட்டுத் தடுமாறாமல், தகட்டை வெட்டுகிற மாதிரி ஒரே வீச்சில் சொல்லிவிட்டார். வந்தவர்கள் சிரித்தார்கள். "நல்லதாப் போச்சு, எங்க ஊருல ஆறே கெடையாது" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. ஐப்பசியில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள்.

அவர்கள் போனபின் பலவேசம் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். பேச்சித்தாய் மகளை உட்காரவைத்து, பூவை எடுத்துவிட்டு, தலையைப் பிரித்துப் பின்னத் தொடங்கினாள். கை பின்னால் போகாததால், இத்தனை வருடமும் அம்மாதான் பின்னிவிட்டாள்.

"எம்மா, அங்கன எனக்கு யாரு சடை பின்னி விடுவா?"

பேச்சித்தாயின் விரல்கள் நின்றன. பிறகு மறுபடியும் பின்னத் தொடங்கின.

"பைய நீயே பழகிக்கிடணும்" என்றாள்.